மடிக்கணினியிலிருந்து எம்பி3 பிளேயருக்குப் பாடல்களை ஏற்றுவது எப்படி?

கணினியில் ஒரு ஃபோல்டரில் இருக்கும் கோப்பை இன்னொரு ஃபோல்டருக்கு நகலெடுக்கத் தெரிந்தவர் எவரும் எம்பி3 பிளேயரில் பாடல்களை ஏற்றிவிடலாம். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது நகலெடுப்பதற்கு முந்தைய ஆயத்தத்திலும், முடிந்தபின் கேபிளைக் கழற்றுகிற அந்த ஒரு நிமிடத்திலும்தான். ஆகவே அந்த இரண்டையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இங்கே சொல்லப்படுவது, விண்டோஸ் கணினியில் பென் டிரைவைப் போலத் தோன்றும் சாதாரண பிளேயர்களுக்கானது. ஐபாட் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ஐடியூன்ஸ் போன்ற ஆப்பிள் மென்பொருள் மூலமாகவும், மேக்ஓஎஸ் கேட்டலினா (2019) அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள மேக் கணினிகளில் ஃபைண்டர் மூலமாகவும் பாடல்களை ஏற்ற வேண்டும் என்பதால், அவர்களுக்கு இந்த வழி பொருந்தாது.

படி 1: பாடல்களைத் திரட்டுதல்

மடிக்கணினியில் புதிதாக ஒரு ஃபோல்டரை உருவாக்கி, ஏற்ற வேண்டிய பாடல்களை எல்லாம் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தா கட்டிக் கேட்கும் ஸ்ட்ரீமிங் செயலிகளில் 'டவுன்லோட்' செய்து வைத்த பாடல்கள் இதற்கு உதவமாட்டா. அவை அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டவை. குறுந்தகட்டிலிருந்து எடுத்தவையும், கோப்பாகவே விலைக்கு வாங்கியவையும்தான் பிளேயரில் பாடும்.

அடுத்து, கோப்பின் வகையைக் கவனியுங்கள். எம்பி3 எல்லாப் பிளேயர்களிலும் பாடும். எம்4ஏ, ஃபிளாக் போன்றவை பாடுமா என்பதைப் பிளேயரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கோப்பின் பெயரில் உள்ள 'எம்4ஏ' என்ற பின்னொட்டை அழித்து 'எம்பி3' என்று எழுதிவிட்டால் வகை மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெயர்தான் மாறும், உள்ளிருக்கும் தரவு பழைய வகையிலேயே இருக்கும். உண்மையிலேயே மாற்ற வேண்டுமானால், விஎல்சி மென்பொருளின் 'மீடியா' பட்டியலில் உள்ள 'கன்வர்ட் / சேவ்' வசதியைப் பயன்படுத்தலாம்.

இடக் கணக்கு எளிது. 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்பி3 பாடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி இடம் பிடிக்கும். 320 கேபிபிஎஸ் என்றால் 2.4 எம்பி. அதன்படி 8 ஜிபி பிளேயரில் ஐந்து நிமிடப் பாடல்கள், உயர்ந்த தரத்திலேயே, சுமார் 600 கொள்ளும். ஏற்கெனவே 128-இல் இருக்கும் பாடலை 320-க்கு மாற்றுவதால் கோப்பு பெருக்குமே தவிர, ஓசை மேம்படாது.

படி 2: வரிசை எண் இடுதல்

பாடல்கள் குறிப்பிட்ட வரிசையில் ஒலிக்க வேண்டுமானால், கோப்புப் பெயரின் தொடக்கத்தில் 01, 02, 03 என்று இரண்டு இலக்கங்களில் எண் இடுங்கள். வெறும் 1, 2 என்று இட்டால், பல பிளேயர்கள் 1-க்கு அடுத்து 10-ஐப் பாடிவிட்டுத்தான் 2-க்கு வரும்.

இதையெல்லாம் செய்தும் என் பழைய பிளேயர் ஒன்று வரிசையைக் குலைத்துக்கொண்டே இருந்தது. விடுபட்டுப்போன 03-ஆம் பாடலைப் பின்னர் தனியாக ஏற்றினேன். அது 12-ஆம் பாடலுக்குப் பிறகே ஒலித்தது. எளிய பிளேயர்கள் சில, பெயரைப் பார்ப்பதே இல்லை. நினைவகத்தின் கோப்புப் பட்டியலில் எது முதலில் பதிவானதோ அதையே முதலில் பாடுகின்றன. அதனால் பாடல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து ஒட்டாமல், ஃபோல்டரை முழுதாக நகலெடுப்பது நல்லது. இடையில் ஒரு பாடலைச் சேர்க்க வேண்டி வந்தால், பிளேயரில் உள்ள ஃபோல்டரை நீக்கிவிட்டு, மடிக்கணினியில் திருத்திய ஃபோல்டரை மறுபடியும் ஏற்றுங்கள்.

படி 3: இணைத்தல்

யூஎஸ்பி கேபிளால் பிளேயரை மடிக்கணினியோடு இணையுங்கள். சில பிளேயர்கள் 'சார்ஜ் மட்டுமா, தரவுப் பரிமாற்றமா' என்று திரையில் கேட்கும், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பிளேயர் சார்ஜ் ஆகிறது, கணினியில் மட்டும் தோன்றவில்லை என்றால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். தரவுக் கம்பிகள் இல்லாமல் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டும் உள்ள கேபிள்கள் உண்டு. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது.

படி 4: நகலெடுத்தல்

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'திஸ் பிசி' என்பதைத் திறந்தால் பிளேயர் தெரியும். மடிக்கணினியில் உள்ள ஃபோல்டரைச் சொடுக்கி கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். பிளேயரின் 'மியூசிக்' ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல்-வி அழுத்துங்கள். முதன்முறை என்றால் ஒரே ஒரு பாடலை ஏற்றி, அது ஒலிக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை ஏற்றுவது, பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

படி 5: கழற்றுதல்

பச்சைக் கோடு நிறைந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். திரையில் வேலை முடிந்ததாகத் தெரிந்தாலும், கடைசிச் சில கோப்புகள் கணினியின் நினைவகத்திலிருந்து பிளேயருக்குப் போய்ச் சேராமல் இருக்கக்கூடும். பணிப்பட்டையின் வலக்கோடியில் உள்ள யூஎஸ்பி படத்தைச் சொடுக்கி 'எஜெக்ட்' கொடுத்து, அனுமதி வந்தபின் கழற்றுங்கள். அவசரத்தில் ஒருமுறை இதைத் தவிர்த்தேன். கடைசி இரண்டு பாடல்கள் பெயரளவில் இருந்தன, அளவு பூஜ்ஜியம்.

தமிழ்ப் பெயர்கள் கட்டங்களாகத் தெரிந்தால்

பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாததே காரணம். எழுத்துரு இருந்தும் 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் நிற்கலாம். ஒருங்குறியில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன; கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து காட்டும் வேலையை எளிய பிளேயர்கள் செய்வதில்லை. பெயர்களை ஆங்கில எழுத்துகளில் எழுதுவதே இப்போதைக்கு வழி. கோப்பின் பெயரை மாற்றியும் திரையில் பழைய பெயரே வந்தால், பிளேயர் கோப்புக்குள் பதிந்துள்ள டேக் விவரத்தை (பாடலின் பெயர், பாடகர் பெயர் போன்ற குறிப்புகளை) படிக்கிறது என்று பொருள். அதை எம்பி3டேக் போன்ற மென்பொருளில் திருத்தலாம்.

மெமரி கார்டு போடும் பிளேயர் என்றால், கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. பழைய பிளேயர்கள் பலவற்றால் அதைப் படிக்க முடியாது.

இடம் போதாமல் பழைய பாடல்களை நீக்கும்போது, அவற்றின் மூலக்கோப்பு மடிக்கணினியில் உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேயரிலிருந்து நீக்கப்படுபவை விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராக அழிந்துவிடும். மேக் கணினியிலோ இதற்கு நேர்மாறு: நீக்கிய பாடல்கள் பிளேயரிலேயே மறைவாகக் கிடந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பிளேயர் இணைப்பில் இருக்கும்போதே டிராஷைக் காலி செய்தால்தான் அந்த இடம் திரும்பக் கிடைக்கும்.