ஓசூரிலிருந்து லடாக்: கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர் வழியாகப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிறது. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது, இதே ரோட்டைப் பிடித்து நேராக விட்டால் காஷ்மீர் என்ற ஆசை பைக் வைத்திருக்கும் யாருக்கும் ஒரு நாள் வரத்தான் செய்யும். ஜூன் பிறந்தால் போதும், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து நாலைந்து பேராகச் சேர்ந்து லடாக் கிளம்பிவிடுகிறார்கள். லீவு குறைவாக இருப்பவர்கள் பெங்களூரில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, மறுநாள் காலை லேயில் இறங்குகிறார்கள்.

போகட்டும், கட்டாயம் போக வேண்டிய இடம்தான். ஆனால் போய்ச் சிரமப்பட்டுத் திரும்பியவர்களிடம் பேசினால், பெரும்பாலும் ஒரே கணக்கில்தான் தவறியிருக்கிறார்கள். பத்து நாள் லீவு, இத்தனை கிலோமீட்டர், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுகிறார்கள். சமவெளிக்கு அந்தக் கணக்கு சரி. மலைக்கு மேலே போய்விட்டால், இன்று ராத்திரி எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்ற ஒரே கணக்கைத்தான் பார்க்க வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இதிலிருந்து முளைப்பவை.

முதலில் உயரத்தைப் பார்த்துவிடுவோம். ஓசூர் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது, தர்மபுரி 500 மீட்டரைக்கூடத் தொடாது. நமக்கெல்லாம் மலை என்றால் ஏற்காடு. அது 1,500 மீட்டர். ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். லே நகரம் அதற்கும் மேலே, சுமார் 3,500 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜனே உள்ளே போகும். 5,359 மீட்டர் உயர கார்துங் லா கணவாயில் அது கிட்டத்தட்டப் பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். காசு கொடுத்தோ மன உறுதியாலோ அந்த நாட்களைக் குறைக்க முடியாது.

விமானத்தில் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இறங்கிய மறுநாளே கார்துங் லாவுக்குக் கிளம்புவது. இறங்கியவுடன் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வெயில், நீல வானம், சுற்றிலும் மொட்டை மலைகள். உற்சாகத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார்கள், சாயங்காலமே சாந்தி ஸ்தூபாவின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறுவார்கள். தலைவலி பெரும்பாலும் அன்று ராத்திரிதான் ஆரம்பிக்கும். நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்தான நிலை பெரும்பாலும் இரண்டாவது ராத்திரியிலிருந்து தலைகாட்டும். அதனால் முதல் இரண்டு முழு நாட்களை லேயிலேயே கழியுங்கள். முதல் நாள் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, அறையில் கிடந்தால் போதும். இரண்டாம் நாள் கடைவீதியில் மெல்ல நடக்கலாம். “நான் தினமும் ஜிம் போறேன், எனக்கு ஒன்னும் ஆகாது” என்பது இதில் செல்லாது. உடல்வலு உயர நோயைத் தடுப்பதில்லை. பார்க்கப்போனால், வலுவான ஆட்கள்தான் வேகமாக ஏறி முதலில் விழுகிறார்கள்.

அடுத்தது ரோட்டில் போகிறவர்களுக்கு. மணாலி வழியா, ஸ்ரீநகர் வழியா என்று கேட்டால், முதல் தடவை போகிறவர்களுக்கு நான் ஸ்ரீநகரைத்தான் சொல்வேன். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் 2,700, லே 3,500. ஒவ்வொரு ராத்திரியும் உடம்பு ஒரு படி ஏறுகிறது. மணாலி வழி அப்படியில்லை. மணாலி 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து ரோதங் கணவாயைத் தாண்டும் பாடு இல்லை, காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ஜிஸ்பா வந்துவிடுகிறது. இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று சிலர் அப்படியே பாரலாச்சா லா ஏறி இறங்கி சார்ச்சு கூடாரத்தில் படுத்துவிடுகிறார்கள். சார்ச்சு சுமார் 4,300 மீட்டர். ஒரே நாளில் தூங்கும் உயரம் 2,200 மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவம் சொல்லும் பொது விதி. மணாலி வழியில் இதை அப்படியே கடைப்பிடிப்பது கஷ்டம். அதனால் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரி தங்கிவிட்டு, பிறகு விடிவதற்கு முன்பே கிளம்பி, நடுவில் எங்கும் தூங்காமல் லே போய்ச் சேருவது நல்லது. அது நீண்ட நாள்தான், வண்டியை மாற்றி ஓட்ட ஆள் வேண்டும்.

லேயிலிருந்து சுற்றும்போதும் இதே கணக்குத்தான். பலரும் முதலில் பாங்காங் ஏரிக்கு ஓடுகிறார்கள். அது 4,250 மீட்டர், ராத்திரிக் குளிரில் மூச்சுத் திணறித் தூக்கமே வராது. நுப்ரா பள்ளத்தாக்கின் திஸ்கித், ஹுண்டர் எல்லாம் லேயைவிடத் தாழ்வு. போகும் வழியில் கார்துங் லாவைத் தாண்ட வேண்டும் என்றாலும், அங்கே பதினைந்து இருபது நிமிடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். எனவே முதலில் நுப்ரா, அங்கிருந்து ஷயோக் ஆற்றங்கரைப் பாதையில் பாங்காங், கடைசியில் வானியல் ஆய்வகம் இருக்கும் ஹன்லே என்று வரிசையை வையுங்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. உடம்பு சரியில்லை என்பதைக் கூட வந்தவர்களிடம் மறைப்பது. “ஒன்னும் இல்லைடா மச்சான், டீ குடிச்சா சரியாயிடும்” என்று சொல்லி, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த கணவாய்க்கு வண்டியைத் திருப்புகிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். தன்னால் எல்லோருடைய பயணமும் கெட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். அதனாலேயே கூட இருப்பவர்கள்தான் அவரைக் கவனிக்க வேண்டும். தலைவலியோடு குமட்டல், சோர்வு, பசியின்மை இருந்தால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. ஒரு நாள் ஓய்வில் பலருக்கும் அடங்கிவிடும். அடங்காமல் கூடினால் கீழே இறங்க வேண்டும்.

ஒரு சோதனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் நேர்கோடு ஒன்று இருப்பதாக நினைத்து, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி அவரைப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், குடித்தவர் போலக் குழறிப் பேசினால், மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நுரை கலந்த சளி வந்தால், அது நுரையீரல். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே இறக்க வேண்டும், துணைக்கு ஆள் இல்லாமல் அனுப்பக் கூடாது. லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இருக்கிறது. ஆக்சிஜன் வைத்துச் சிகிச்சை தருவது அவர்களுக்கு அன்றாட வேலை.

கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். அதை உறிஞ்சிவிட்டு மேலே ஏறுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. கற்பூரத்தை மோந்தால் சரியாகும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. லேயில் புதிதாக இறங்கியவருக்கு 85 முதல் 92 வரை காட்டுவது வழக்கமே. விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

டயமாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும். ஏறுவதற்கு முந்தின நாளே ஆரம்பிப்பது வழக்கம். ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் எடுக்கக் கூடாது, அதனால் நண்பனிடம் வாங்கிப் போடாமல் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் அதை பைக்கின் பக்கப்பையில் வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் மருந்து வீண். ராத்திரியில் சட்டைக்குள் உடம்போடு வைத்துத் தூங்குங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் முதல் சில நாட்களுக்கு வேண்டவே வேண்டாம், இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

சரி, வண்டிக்கு வருவோம்.

இன்ஜினுக்கும் ஆக்சிஜன் குறைவுதான். பழைய கார்புரேட்டர் வண்டிகள் கரும்புகை தள்ளித் திணறும், இன்ஜெக்‌ஷன் வண்டிகள் சமாளித்துக்கொள்ளும், ஆனால் இழுவை எல்லாவற்றிலும் குறையும். ஆள் பின்னால், மூட்டை அதற்கும் பின்னால் என்று ஏற்றினால் ஏற்றத்தில் கிளட்ச் கருகிவிடும். மணாலி வழியில் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் இருந்த ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ பலகை பிரபலம். உயரத்தில் மைலேஜ் குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு டேங்கை நிரப்புங்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத விஷயம், சாலையைக் குறுக்கே அறுத்து ஓடும் நீரோடைகள். அங்கே நாலா என்பார்கள். இவை மழையால் பெருகுவதைவிடப் பனி உருகித்தான் அதிகம் பெருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறி மூன்று மணிக்கெல்லாம் முழங்கால் தாண்டிவிடும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாக வந்தால் இக்கரையில்தான் ராத்திரி. காலை பத்து மணிக்குள் ஓடைகளைக் கடப்பது போல நாளைத் திட்டமிடுங்கள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கி வரும், அடியில் தலையளவு உருண்டைக் கற்கள் கிடக்கும், மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதலில் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். அப்புறம் முதல் கியரில், ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்து, கிளட்சைத் தொடாமல், நடுவில் நிற்காமல் போக வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, எதிர்க்கரையில் இருக்க வேண்டும். வண்டி தண்ணீரில் விழுந்து அணைந்துவிட்டால் அங்கேயே செல்ஃப் போடாதீர்கள். தண்ணீரை இன்ஜின் உறிஞ்சினால் கதை முடிந்தது. தள்ளிக் கரையேற்றி, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

டெல்லியிலோ மணாலியிலோ வாடகை பைக் எடுத்துப் போனால் லே வரைதான். நுப்ரா, பாங்காங் பக்கம் வெளியூர் வாடகை வண்டிகளை உள்ளூர்ச் சங்கத்தினர் விடுவதில்லை. லேயில் வேறு வண்டி எடுக்க வேண்டும், அதற்கும் சேர்த்துப் பணம் வையுங்கள். சொந்த வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லையோரப் பகுதிகளுக்கான பதிவும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு, அச்செடுத்த நகல்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, குழுவில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

லடாக்கில் மழை வருடத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். பாலைவனம் என்று சொல்வது அதனால்தான். காற்று அவ்வளவு வறட்சி என்பதால் வியர்ப்பதே தெரியாது, தாகமும் எடுக்காது, ஆனால் உடம்பு காய்ந்துகொண்டே இருக்கும். உதடு வெடித்து ரத்தம் வரும். குளிராக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனையும் கறுப்புக் கண்ணாடியையும் விட்டுவிடாதீர்கள், உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கடுமையாகும். சாப்பாட்டில் சின்ன விஷயம். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நெடுநேரம் ஆகும். சமைத்துச் சாப்பிடும் திட்டமிருந்தால் குக்கர் அவசியம். வீட்டில் கட்டிக்கொடுக்கும் மிக்சர் பாக்கெட் கணவாயில் பலூனாக ஊதி நிற்கும், பயப்பட வேண்டாம்.

மழை குறைவு என்பதால் வெள்ளமே வராது என்று நினைப்பதும் தவறு. 2010 ஆகஸ்டில் லேயில் மேகம் வெடித்துப் பெய்த ஒரே இரவு மழையில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த ஓடைப் படுகையில் கூடாரம் அடிக்காதீர்கள். பாங்காங் ஏரித் தண்ணீருக்குள் வீடியோவுக்காக வண்டி இறக்குவதையும் விட்டுவிடுங்கள். அந்தக் கரையில் பறவைகள் முட்டையிடுகின்றன.

ஹன்லே நமக்கு ஒருவகையில் சொந்தம். அங்கே 4,500 மீட்டரில் இருக்கும் இந்திய வானியல் ஆய்வகத்தின் சந்திரா தொலைநோக்கியை, ஓசூருக்குப் பக்கத்தில் கர்நாடகத்தின் ஹொசகோட்டேயிலிருந்துதான் செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். நம் ஜவ்வாது மலைக் காவலூர் ஆய்வகமும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துடையது. ஹன்லே சுற்றுவட்டாரத்தை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே ராத்திரியில் ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டுக்கொண்டு திரிந்தால் ஆராய்ச்சிக்கும் கேடு, நட்சத்திரம் பார்க்க வந்தவர்களுக்கும் கேடு. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, திரும்பும் டிக்கெட். ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவில் ராம்பன் பக்கம் மண் சரிந்தாலோ, கணவாயில் திடீரெனப் பனி விழுந்தாலோ சாலை ஒரு நாளோ இரண்டு நாளோ மூடிவிடும். லே விமானங்களும் வானிலை கெட்டால் ரத்தாகும். குறைந்தது இரண்டு நாள் கையிருப்பு வையுங்கள், திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு வந்துவிடுவேன் என்று கம்பெனியில் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவ்வளவு லீவு கிடைக்கவில்லையா, இந்த வருடம் கார்கில், லே, நுப்ரா மட்டும் போதும். பாங்காங்கையும் ஹன்லேயையும் அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.