கலர் டோனரைத் தின்ற ஒரு செட்டிங்

எங்கள் அலுவலகத்தில் சாதாரண கடிதம்கூடப் பிரிண்டரில் கலராக, ஒரு பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. எல்லோருடைய பிரிண்டும் வழியாகப் போகும் விண்டோஸ் கம்ப்யூட்டரான பிரிண்ட் சர்வரில் 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' போய்க் கருப்பு வெள்ளை, இரண்டு பக்கம் என்று வைத்திருந்தேன். என் லாகினில் சரியாக வரும். மற்றவர்கள் கொடுத்தால் பழைய கதைதான்.

டிரைவரை (பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், மாறவில்லை. மெஷின் பேனலிலும் மாற்றினேன். டிரைவர் அனுப்பும் செட்டிங் அதை மீறிவிடுவதால் அதுவும் வீண்.

விஷயம் இதுதான்: பிரிஃபரன்சஸ் லாகின் செய்தவருக்கு மட்டும். எல்லோருக்கும் பொருந்த, 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'அட்வான்ஸ்டு' டேபின் அடியில் உள்ள 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்' பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு ஜன்னலும் பார்க்க அப்படியே ஒன்றுதான், வித்தியாசம் கண்ணில் படாது. அங்கே மாற்றியதும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிட்டது. அப்பாடா!

சிலருக்கு மட்டும் அப்போதும் கலர். அவர்கள் முன்பே தங்கள் பிரிஃபரன்சஸைத் தொட்டிருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களில் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். அப்புறம், கலர் நிஜமாகவே தேவைப்படுபவர்களுக்கு அதே மெஷினுக்கு 'கலர்' என்ற பெயரில் இன்னொரு பிரிண்டரைச் சேர்த்து, அவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறேன்.