டிரெய்லருக்கு சஸ்பென்ஷன் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்துப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு முதல் டிரெய்லர் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் கேட்டதையே இன்றும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். மட்டமான பட்டையை (சஸ்பென்ஷனில் அடுக்கிக் கட்டும் எஃகு ஸ்பிரிங் தகடு) மலிவு விலைக்கு வாங்கக் கூடாது, தேய்ந்த புஷ்ஷோடு (மூட்டுகளில் இருக்கும் உறை) வண்டியை ஓட்டக் கூடாது என்பவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தேவைக்கு மேல் வலுவான பட்டை போடுவது

"எதற்கும் இருக்கட்டும், இரண்டு பட்டை சேர்த்துப் போடுங்கள்" என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பட்டை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைத்துத்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் கூடுவது விறைப்பு. ஒரே தடிமனுள்ள பத்துப் பட்டை கொண்ட கட்டு ஒன்றைப் பன்னிரண்டாக்கினால் விறைப்பு 20 விழுக்காடு ஏறும். எண்ணிக்கையை மாற்றாமல் 13 மி.மீ. பட்டைக்குப் பதில் 16 மி.மீ. பட்டை போட்டாலோ, விறைப்பு தடிமனின் மும்மடிக் கணக்கில் உயர்வதால், ஏறக்குறைய 86 விழுக்காடு கூடிவிடும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

டிரெய்லர் எப்போதும் பாரத்தோடு ஓடுவதில்லை. மூன்று ஆக்சில் (சக்கர அச்சு) டிரெய்லரில் சட்டப்படி அந்த மூன்றின் மேலும் சேர்த்து 27 டன் வரை நிற்கலாம். அதே வண்டி சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவற்றின் மேல் நிற்பது பெரும்பாலும் ஐந்தாறு டன்தான். கேஸ் டேங்கர் போல ஒரு வழி பாரமும் மறு வழி காலியுமாக ஓடும் வண்டிகள் தங்கள் ஓட்டத்தில் பாதியை இந்த நிலையில்தான் கழிக்கின்றன. அப்போது, அளவுக்கு மீறி விறைத்த கட்டில் சிறு குலுக்கலுக்குப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதே இல்லை. முழுக் கட்டும் ஒரே இரும்புத் துண்டாக நின்று ஒவ்வோர் அடியையும் ஹேங்கருக்கும் (பட்டையைச் சேசிஸோடு பிணைக்கும் தாங்கி) சேசிஸுக்கும் அப்படியே அனுப்புகிறது. சக்கரமும் சாலையை விட்டுத் துள்ளுகிறது. துள்ளும் நேரத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு, டயர் ஒரே இடத்தில் தேய்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் உரிமையாளர் இரும்புச் சுருள் ஏற்றுவதற்காகத் தம் புது டிரெய்லருக்கு 16 மி.மீ. பட்டையையே பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். சில மாதங்களிலேயே டயர்கள் திட்டுத் திட்டாகத் தேயத் தொடங்கின. அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்து அதைச் சரிபார்க்கச் செலவு செய்தார். பிறகு ஹேங்கர் வெல்டிங்கில் விரிசல் தெரிந்தது. அதன்மேல் பிளேட் வைத்துப் பற்றவைத்ததும் விரிசல் அந்தப் பிளேட்டின் ஓரத்துக்கு இடம் மாறியது. இன்னும் பெரிய பிளேட் வைத்ததில் வண்டியின் சொந்த எடை கூடி, ஏற்றக்கூடிய சரக்குதான் குறைந்தது. கடைசியில் 13 மி.மீ. கட்டுக்கு மாற்றியபோது, முதலில் பட்டைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தைப் போலப் பல மடங்கு கரைந்திருந்தது.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஓவர்லோடு ஆசை இருப்பதை எல்லாரும் அறிவோம். பட்டை எவ்வளவு தடித்தாலும் ஆக்சிலுக்குரிய சட்ட வரம்பு ஒரு கிலோகூட உயராது. 2019 திருத்தத்துக்குப் பின் மிகை பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆகவே பட்டறையில் பேச உட்காரும் முன், அதே வகை வண்டி ஒன்றைக் காலியாகவும் பாரத்தோடும் எடைமேடையில் ஏற்றி, ஆக்சில் எடையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டைக் கட்டு என்று தேர்ந்தெடுக்கும்போது அந்த இரண்டு எண்களும் கையில் இருக்க வேண்டும்.

ஃபிப்த் வீல் உயரத்தை அளக்காமல் ஆர்டர் கொடுப்பது

இழுக்கும் வண்டியின் ஃபிப்த் வீல் (டிரெய்லரின் முன்பக்கம் அமரும் தட்டு) உயரமாக இருந்து டிரெய்லரின் சஸ்பென்ஷன் தாழ்வாக அமைந்தால், டிரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கும். பாரம் கடைசி ஆக்சிலை நோக்கிச் சாயும். பட்டை சஸ்பென்ஷனில் ஈக்வலைசர் (ஆக்சில்களுக்கிடையே பாரத்தைப் பகிரும் நெம்புகோல்) ஓரளவுச் சாய்வை மட்டுமே ஈடுகட்டும் என்பதால், பின் டயர்கள் மட்டும் அடிக்கடி வெடிக்கின்றன என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த உயரத்தைத்தான். பட்டையை ஆக்சிலுக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதை அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பல உயரமுள்ள வண்டிகள் மாறி மாறி இழுக்கும் டிரெய்லராக இருந்தால் பட்டைக்குப் பதில் பெல்லோ என்னும் காற்றடைத்த ரப்பர் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனைப் பற்றி யோசிக்கலாம். அதில் ஒரே பக்கத்துப் பெல்லோக்கள் குழாயால் இணைந்திருப்பதால் பாரம் பெரும்பாலும் சமமாகப் பிரியும்.

பக்கத்து வண்டியைப் பார்த்து முடிவெடுப்பது

பக்கத்து வண்டிக்காரருடைய சரக்கும் சாலையும் உங்களுடையவை அல்ல.

டிப்பர் டிரெய்லருக்கு ஏர் சஸ்பென்ஷன்

தொட்டியைத் தூக்கும் முன் பெல்லோக் காற்றை இறக்கும் ஏற்பாடு இல்லையென்றால் வேண்டாம்.

ஏர் சஸ்பென்ஷன் என்றால் கவலையே இல்லை என்று நம்புவது

கண்ணாடி, கார், மின்னணுப் பொருள் ஏற்றுகிறவர்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் கொடுக்கும் விலைக்கு ஏற்றதுதான். ஆனால் பட்டைகள் தம் உராய்வினாலேயே ஆட்டத்தை ஓரளவு அடக்கும்; பெல்லோவுக்கு அந்தக் குணம் கிடையாது, எல்லாம் ஷாக் அப்சார்பரை நம்பியே இருக்கிறது.  ஷாக் அப்சார்பர் செத்துப் போன ஏர் சஸ்பென்ஷன், நல்ல பட்டை சஸ்பென்ஷனைவிட மோசமாகக் குதிக்கும். பட்டை ஒடிந்தால் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு ஸ்பிரிங் பட்டறை கண்ணில் படும். பெல்லோ கிழிந்தாலோ லெவலிங் வால்வு (உயரத்துக்கு ஏற்பப் பெல்லோக் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) பழுதானாலோ அப்படிக் கிடைக்காது. உங்கள் வழித்தடத்தில் அவை எந்த ஊரில் கிடைக்கும் என்று வாங்கும் முன்பே விசாரித்து, ஒரு பெல்லோவையும் ஒரு வால்வையும் டூல் பாக்ஸில் எப்போதும் வைத்திருங்கள்.