சால்ட்டில் இல்லாததைக் கண்டுபிடிக்காதீர்கள்

பிராக்டிகல் வகுப்பில் ஒரு மாணவி சோதனைக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "சார், குளோரைடு கன்ஃபார்ம்!" குழாயில் தயிர்த் திரள் மாதிரி வெள்ளை வீழ்படிவு. ஆனால் நான் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தது சிங்க் சல்பேட். விசாரித்தால், சோடியம் கார்பனேட் சாற்றை (உப்பைச் சோடியம் கார்பனேட்டுடன் நீரில் கொதிக்கவைத்து வடித்த கரைசல்) அமிலமாக்க நைட்ரிக் அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டிருக்கிறாள். அவள் கண்டுபிடித்தது, அவளே ஊற்றிய குளோரைடை.

உப்புப் பகுப்பாய்வில், அதாவது தெரியாத உப்பில் என்னென்ன அயனிகள் என்று கண்டறியும் வேலையில், நிறம் தெரியாமல் தவறுபவர்கள் குறைவு. தாங்களே உள்ளே விட்டதை உப்பில் இருந்ததாக எழுதுபவர்கள்தான் அதிகம்.

அந்தச் சாறு பெரிய பொறி. அதில் கார்பனேட் ஏராளமாக இருக்கிறது. அமிலம் போதாவிட்டால் குளோரைடைத் தேடும் சில்வர் நைட்ரேட் விட்டாலும் வீழ்படிவு, சல்பேட்டைத் தேடும் பேரியம் குளோரைடு விட்டாலும் வீழ்படிவு. இரண்டும் வெறும் கார்பனேட். எனவே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நுரை முழுக்க அடங்கி, நீல லிட்மஸ் சிவந்த பிறகே சோதனைக்குப் போக வேண்டும். சில்வர் நைட்ரேட்டுக்கு முன் நைட்ரிக் அமிலம் மட்டும். பேரியம் குளோரைடுக்கு முன் அசிட்டிக் அமிலமோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமோ போதும். சந்தேகம் இருந்தால் வந்த வெள்ளையின் மேல் இன்னும் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். பேரியம் கார்பனேட் பொங்கிக் கரைந்துவிடும். பேரியம் சல்பேட் அசையாது.

அம்மோனியமும் இதே கதைதான். உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாக வீழ்படிவாக்கிப் பிரிக்கையில், மூன்றாம் தொகுதிக்கு வரும்போது நாமே அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் சேர்க்கிறோம். அதற்குப் பிறகு அந்தக் கரைசலில் அம்மோனியம் தேடுவது வீண். தொடக்கத்திலேயே, மூல உப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடுடன் சூடாக்கி, அம்மோனியா வாயு வந்து ஈரச் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அப்போதும் சிவப்பு லிட்மஸ் குழாயின் வாயைத் தொடக் கூடாது. அங்கே தெறித்திருக்கும் காரமே தாளை நீலமாக்கிவிடும்.

அடர் சல்பியூரிக் அமிலம் விட்ட குழாயைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுபவர்கள் உண்டு. அப்போது அமிலமே வெண்புகை விடும். அம்மோனியா தோய்த்த கண்ணாடிக் கோலை நீட்டினால் இன்னும் அடர்ந்து தெரியும். குளோரைடிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் இப்படித்தான் தெரியும் என்பதால், உடனே 'குளோரைடு' என்று எழுதிவிடுவார்கள். இளஞ்சூடு போதும்.

இரண்டாம் தொகுதியில் வேறு வகை ஏமாற்றம். உப்பை நைட்ரிக் அமிலத்தில் கரைத்திருந்தால், ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தியதும் வெளிர்மஞ்சள் கலங்கல் வரும். அது காட்மியம் அல்ல, ஆர்சனிக் அல்ல. வாயுவே ஆக்சிஜனேற்றம் அடைந்து உதிர்ந்த கந்தகம். ஃபெர்ரிக் அயனி இருந்தாலும் இப்படி நடக்கும். மூன்றாம் தொகுதிக்குப் போகும் முன் அந்த வாயுவைக் கொதிக்கவைத்து விரட்ட வேண்டும். லெட் அசிட்டேட் தாள் கறுப்பது நின்றால் சரி. கொஞ்சம் மிச்சமிருந்தாலும், அம்மோனியா விட்டதும் சிங்க்கும் மாங்கனீசும் சல்பைடாக இங்கேயே இறங்கிவிடும். அப்புறம் சில துளி அடர் நைட்ரிக் அமிலம் விட்டுக் கொதிக்க வைத்தால் ஃபெர்ரஸ் ஃபெர்ரிக் ஆகும். அடுத்து அம்மோனியம் குளோரைடு தாராளமாக, கடைசியில்தான் அம்மோனியம் ஹைட்ராக்சைடு. வரிசையை மாற்றினால் ஹைட்ராக்சைடு அயனி கட்டுக்குள் நிற்காது. மெக்னீசியம்கூட அலுமினியம் வேடம் போட்டு வரும்.

நைட்ரேட்டைக் காட்டும் பழுப்பு வளையச் சோதனைக்கு ஃபெர்ரஸ் சல்பேட் கரைசல் அன்றைக்குத் தயாரித்ததாக இருக்க வேண்டும். வெளிர்பச்சையாக இருந்தால் நல்லது, மஞ்சளாகிவிட்டதென்றால் கொட்டிவிடுங்கள். குழாயைச் சாய்த்து, அடர் சல்பியூரிக் அமிலத்தைச் சுவரோடு மெல்ல வழியவிட்டு, கையை ஆட்டாமல் காத்திருங்கள். கனமான அமிலம் அடியில் தங்கும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வளையம் தெரியும். குலுக்கினால் சூடேறி மறைந்துபோகும். ஆனால் வளையம் வந்ததுமே நைட்ரேட் என்று குதிக்க வேண்டாம். புரோமைடும் அயோடைடும் அதே அமிலத்தில் புரோமினையும் அயோடினையும் விடுவித்து, பார்க்க அப்படியே இருக்கும் ஒரு வளையத்தைக் காட்டும்.

வாயுக்களில், சுண்ணாம்பு நீர் பால்போல் ஆனதும் கார்பனேட் என்று முடிவு செய்வது பழைய தவறு. சல்பர் டைஆக்சைடும் அதையே செய்யும். அமிலம் சேர்த்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளை முதலில் காட்டுங்கள், பச்சையானால் சல்பைட்டு.

சுடர் சோதனையில் மஞ்சளை நம்பாதீர்கள். விரல் பட்ட கம்பியே சோடியத்தைக் காட்டும், பொட்டாசியத்தின் ஊதாவையும் மூடிவிடும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துத் தோய்த்து, சுடரில் நிறம் வருவது நிற்கும் வரை எரித்த கம்பிதான் சுத்தமான கம்பி. ஊதாவை நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் கைவசம் ஒரு மருந்து உண்டு, வெற்றுச் சோதனை. உப்பு போடாமல், வெறும் வாலை வடிநீரில் அதே வினைப்பொருள்களை அதே வரிசையில் விட்டுப் பாருங்கள். அதுவும் கலங்கினால் குற்றம் பாட்டிலில், இல்லை குழாயில். எங்கள் ஆய்வகத்தில் குழாய்களைக் கழுவுவது போர்வெல் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு அந்த மாணவியிடம் காட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் பெஞ்சில் வடிநீர் பாட்டில் தனியாக இருந்தது.