முட்டையை விடுங்கள், சுண்ணாம்பு ஊறியதா?

போன மாதம் நண்பர் ஒருவரின் தம்பி செல்போனில் ஒரு படம் அனுப்பி, "அண்ணே, சுவரு பொரியுது" என்றான். பெரிதாக்கிப் பார்த்தேன். சுண்ணாம்பில் முட்டை கலந்து பூசும் செட்டிநாட்டுப் பூச்சு அது. பளபளவென்ற வெள்ளைச் சுவரில் மிளகு அளவுக்குக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி. எட்டு வருடத்துக்கு முன் என் வீட்டுக் கூடத்தில் பார்த்த அதே அம்மைத் தழும்பு.

இந்தப் பூச்சைக் கெடுக்கும் தவறுகளைச் சொல்கிறேன். சல்லடை பிடிப்பது, மணலைக் கழுவுவது எல்லாம் கொத்தனாருக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஊறாத சுண்ணாம்பு

செட்டிநாட்டுப் பூச்சு என்றாலே எத்தனை முட்டை, நாட்டுக்கோழியா பிராய்லரா, நாற்றம் வருமா என்றுதான் கேட்கிறார்கள். கலவையில் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீரைப் பற்றி விசாரிப்பவர்களும் உண்டு. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப்போட்டாய் என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டால் கிடைப்பது கால்சியம் ஆக்சைடு. தண்ணீரில் போட்டதும் அது கொதித்து உதிர்ந்து ஹைட்ராக்சைடு ஆகும். பத்து நிமிடத்தில் கொதி அடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் சூளையில் அளவுக்கு மீறி வெந்த துணுக்குகள் அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் குடிக்காது, வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சுவரில் ஏற்றிவிட்டால் அங்கேயே ஈரத்தை இழுத்து உப்பி, மேல்பூச்சை முட்டித் தள்ளிவிடும்.

என் வீட்டில் மூன்றே நாள் ஊறியது. தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்த கொத்தனார், "இன்னும் பதினஞ்சு நாள் கெடக்கட்டும்" என்றார். நான் பால்காய்ச்சத் தேதி குறித்துவிட்டிருந்தேன். 120 முட்டை, ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள், ஐந்து நாள் கூலி. வந்தவர்கள் எல்லாம் சுவரில் முகம் பார்த்துவிட்டுப் போனார்கள், மூன்றாவது வாரம் பொரிய ஆரம்பித்தது. ஒட்டுப்போட்டுப் பார்த்தேன், ஒட்டு தனியாகத் தெரிந்தது, கடைசியில் மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன். பணத்தைவிட அந்த மனிதர் சொல்லியும் கேட்காததுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஆகவே: குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் இரண்டு மூன்று மாதம், மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊறவிடுங்கள். அப்புறம் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். கடைசிப் பூச்சுக்கானதை அரைத்தே ஆக வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும், ஒரு நறநற தட்டுப்பட்டாலும் இன்னும் ஆகவில்லை. சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சேர்த்து வில்லை தட்டி, இறுகியதும் சமையலுக்கு உதவாத இட்லிச் சட்டியில் மூன்று மணி நேரம் ஆவி காட்டுங்கள். பொரிவதாக இருந்தால் அதிலேயே பொரிந்துவிடும், சுவர் தப்பும்.

இவ்வளவையும் அந்தப் பையனுக்கு விளக்கி முடித்ததும் அவன் கேட்டது: "அப்போ முட்டை கொறஞ்சதால இல்லையாண்ணே?"

சீக்கிரம் இறுகட்டும் என்று சிமெண்ட் கலப்பது

வேண்டாம்.

காய்ந்த சுவரில் பூசுவது

முந்தின நாளே சுவரை நனைத்துவையுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பூச்சு ஓடு மாதிரி பெயர்ந்து வரும்.

கண்

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது, அதாவது தண்ணீரில் கொதிக்கவிடும்போது, சுண்ணாம்பைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்றாதீர்கள், முகத்தில் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொட்டிப் பக்கமே போகாதீர்கள்.

ஃபேன்

சுண்ணாம்பு காய்ந்து இறுகும் பொருள் அல்ல. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது, அதற்கு ஈரமும் வேண்டும். ஃபேனைப் போட்டு உலர்த்தினால் மேலே மயிரிழை வெடிப்பு, உள்ளே மாவு. ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஃபேன் சுவிட்சில் டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது போட்டுவிடுவார்கள்.