கமடோர் 64-இல் டிரம் ஒலியைச் சீராக இசைக்கும் முறை

1982-இல் வெளிவந்த கமடோர் 64 கணினியின் சிட் ஒலிச் சில்லில், பதிவுசெய்த ஒலியை இசைப்பதற்கென்று தனி வழி எதுவும் இல்லை. ஆயினும் 54296 என்ற முகவரியில் உள்ள ஒலியளவு எண்ணை (0 முதல் 15 வரை) மாற்றும்போதெல்லாம் ஒரு சிறு 'டிக்' கேட்கும். அந்த மாற்றத்தை நொடிக்கு ஏழெட்டாயிரம் முறை செய்தால் டிக்குகள் ஒன்றுசேர்ந்து டிரம் ஒலியாகிவிடும். ஒலி கரகரப்பதற்குப் பதினாறே படிகள் இருப்பதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், எண்கள் சம இடைவெளியில் போய்ச் சேராததே அதைவிடப் பெரிய குற்றவாளி.

பதிவின் தொடக்கத்தில் உள்ள மௌனத்தை முழுவதும் வெட்டிவிட்டு, பதினாறு படிகளும் பயன்படும் அளவுக்கு ஒலியை உயர்த்திக்கொள்ளுங்கள். கிக், ஸ்நேர் என்ற டிரம் ஒலிகள் இரண்டும் இந்த முறைக்கு நன்றாக ஒத்துழைக்கும். நீண்டு தேய்ந்து மறையும் சிம்பலை எடுக்காமல் இருப்பதே நல்லது. ஒரு பைட்டில் இரண்டு மாதிரிகளை (ஒவ்வொரு கணத்துக்குமான ஒலியளவு எண்களை) அடைக்க முடியும் என்றாலும், முதல் முயற்சியில் பைட்டுக்கு ஒன்றாகவே வையுங்கள். கால் நொடி ஸ்நேருக்கு இரண்டு கிலோபைட்டுக்கும் குறைவாகவே செலவாகும்.

இனி நேரக் கணக்கு. நேரக் கணிப்பையும் உள்ளீடு-வெளியீட்டையும் கவனிக்கும் சி.ஐ.ஏ. சில்லுகளில் இரண்டாவதன் டைமர், வேறு எந்தப் பணியாலும் தடுக்க முடியாத என்.எம்.ஐ. இன்டரப்டை (செயலியை நடுவில் நிறுத்தி உங்கள் நிரலை ஓடவைக்கும் அழைப்பை) எழுப்பும். உங்கள் நிரலின் முகவரியை 792, 793-இல் இட்டபின், 56580-இல் 125, 56581-இல் 0, 56589-இல் 129 என எழுதி, 56590-இல் 17 எழுதினால் டைமர் ஓடத் தொடங்கும். டைமர் பூஜ்யத்தையும் எண்ணுவதால் 125 என்பது 126 சுழற்சிகளாகும் (செயலியின் கடிகாரத் துடிப்புகள்); பால் என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கான கணினியில் இது நொடிக்கு ஏறக்குறைய 7,819 மாதிரிகள்.

126-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பால் திரையின் ஒரு வரி 63 சுழற்சிகள் கொண்டது. படம் தெரியும் பகுதியில் எட்டு வரிக்கு ஒருமுறை, திரைப் படத்தை வரையும் விக் சில்லு நாற்பதுக்கும் மேற்பட்ட சுழற்சிகளைச் செயலியிடமிருந்து பறித்துக்கொள்கிறது. அந்த வரிகள் 51, 59, 67 என்று எப்போதும் ஒற்றைப்படையிலேயே வரும். ஆகவே திரையில் இப்போது வரையப்படும் வரியின் எண்ணைக் காட்டும் 53266-ஐப் பார்த்துக்கொண்டிருந்து, இரட்டைப்படை வரியொன்று தொடங்கியவுடன் டைமரை முடுக்கிவிட்டால், மொத்த வரிகள் 312 என்ற இரட்டை எண்ணாக இருப்பதால், இன்டரப்ட் அந்தப் பறிப்பில் ஒருபோதும் சிக்குவதில்லை. ஸ்பிரைட்டுகளை (திரையில் தனியே நகரும் சிறு படங்களை) மட்டும் அணைத்துவையுங்கள். 263 வரிகள் கொண்ட, என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக்கான கணினியில் இந்த உத்தி பலிக்காது. அங்கே 53265-இல் 11 எழுதித் திரையை அணைப்பதே எளிய வழி.

இன்டரப்ட் நிரலில், முன்பே எடுத்துவைத்த எண்ணை முதலில் 54296-க்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகே அடுத்த எண்ணைத் தேடுங்கள். இந்த வரிசை மாறினால் தேடலுக்கு ஆகும் நேர வேறுபாடு முழுவதும் ஒலியில் ஏறிவிடும். முடிக்கும் முன் 56589-ஐப் படிக்க மறந்தால் அடுத்த இன்டரப்ட் வராது. சிட்டின் ஃபில்டரை (ஒலியை வடிகட்டும் பகுதியை) பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் பிட்டுகளும் அதே முகவரியில் இருப்பதால் அவற்றையும் ஒவ்வொரு எண்ணுடன் சேர்த்தே எழுத வேண்டும்.

டிரம் ஒலி முடிந்ததும் எண்ணை 0-க்கு இறக்காதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 8-லேயே நிறுத்தினால் 'டப்' என்ற வெட்டுச் சத்தம் கேட்காது.

பிற்கால 8580 சிட் சில்லில் இதே ஒலி மிக மெலிதாகக் கேட்கும். இசைக்குத் தேவைப்படாத குரல் (சிட்டில் ஒலியை உருவாக்கும் தடம்) ஒன்று இருந்தால், முதல் குரலாயின் 54278-இல் 255, 54276-இல் 73 என எழுதிவையுங்கள். டிரம் மீண்டும் உரக்கக் கேட்கும்.