பென்ஷன் பணத்துக்குத் தலைமை ஏற்பவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

நான் வேலை பார்த்த நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு பி.எஃப். டிரஸ்ட் இருந்தது, ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியை வைத்து நிர்வகிக்க. அதில் ஆறு வருடம் தொழிலாளர் தரப்பு டிரஸ்டியாக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், காலை பதினோரு மணிக்கு. வீட்டுக்கு, கல்யாணத்துக்கு, ஆபரேஷனுக்கு என்று முன்பணம் கேட்டு வந்த மனுக்களைப் பார்ப்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும். பிறகு டீ, வடை. அதற்கும் அப்புறம்தான் அஜெண்டாவின் கடைசி அயிட்டமாக முதலீடு வரும். இரண்டு பக்க நோட், அடியில் எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட இடம். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். அப்படி ஒரு நாள் கையெழுத்தானதில் ட்ரிபிள் ஏ, அதாவது கடனை ஒழுங்காகத் திருப்பித் தரும் என்று மிக உயர்ந்த தரச்சான்று வாங்கிய ஒரு கம்பெனியின் கடன் பத்திரமும் இருந்தது, அரசுப் பத்திரத்தைவிட முக்கால் சதவீதம் வட்டி கூட. இரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனி வட்டி கட்டுவதை நிறுத்திவிட்டது. நோட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஓய்வு பெற்றுக் கும்பகோணம் வந்த பிறகு, சங்கத்தில் இருக்கும் இளைஞர்கள் டிரஸ்டுக்கோ கமிட்டிக்கோ போகுமுன் என்னிடம் வந்து என்ன பார்க்கவேண்டும் என்று கேட்பார்கள். நிதித்துறையில் மேலே வளரும் பிள்ளைகளும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலீட்டுத் தலைவர் செய்யும் தவறுகளும் இதில் உண்டு, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கும் போர்டு செய்யும் தவறுகளும் உண்டு, இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

முதலில் அந்தப் பணம் யாருடையது என்பதைப் பார்த்துவிடலாம். மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும், அங்கிருந்து வெண்ணாறு வழியாகப் பிரிந்து பிரிந்து தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போய்ச் சேர இன்னும் எத்தனையோ நாள். அணையில் 120 அடி நின்றாலும், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர் தன் வயலில் ஏறிய தண்ணீரைத்தான் கணக்கில் எடுப்பார். பென்ஷன் நிதியிலும் கடைமடை உண்டு. என் மருமகள் திருத்துறைப்பூண்டி பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை, 2014இல் சேர்ந்தாள், 2048இல் ஓய்வு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவள் என்பதால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் மாதாமாதம் பிடித்தார்கள். அவள் வயதுக்காரர்கள் எந்த முதலீட்டுக் கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை. ஆனால் அங்கே எடுக்கும் முடிவின் பலனையோ நஷ்டத்தையோ கடைசியில் வாங்கிக்கொள்வது அவர்கள்தான். ஒரு தலைவர் நல்லவரா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்: இந்த முடிவில் 2048 யார் நினைவிலாவது இருந்ததா?

போர்டுகள் அடிக்கடி செய்யும் பெரிய தவறு, ஒரு வருட லாபத்தை வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது, ஒரு வருட நஷ்டத்தை வைத்து மாற்றுவது. ஆள் மாறினால் கூடவே திட்டமும் மாறும். அமெரிக்காவிலேயே பெரிய பொது ஓய்வூதிய நிதி கலிஃபோர்னியாவின் கால்பெர்ஸ். 1932இல் தொடங்கியது. அங்கே 2019 ஜனவரியில் வந்த தலைமை முதலீட்டு அலுவலர் 2020 ஆகஸ்டில் போய்விட்டார், 2022 மார்ச்சில் வந்தவர் 2023 செப்டம்பரில் போய்விட்டார். முப்பது நாற்பது வருடக் கணக்கில் ஓடவேண்டிய பணத்துக்கு, இரண்டு வருடம்கூட நிற்காத தலைமை. புதிதாக வருபவர் முந்தையவர் வாங்கியதை விற்பார், தான் நம்புவதை வாங்குவார், அதன் பலன் தெரியுமுன் அவரும் கிளம்பிவிடுவார். விற்று வாங்கும் செலவு மட்டும் உறுப்பினர் கணக்கில் நிற்கும்.

இதே கால்பெர்ஸில் சந்தை சரிந்தால் பணம் தரும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. நம் ஊர்ப் பயிர்க் காப்பீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வருடமும் பிரீமியம் கட்டவேண்டும், பெரும்பாலான வருடங்களில் ஒன்றும் திரும்பி வராது. செலவு அதிகம், இதைவிடச் சிக்கனமான வழிகள் இருக்கின்றன என்று சொல்லி 2020 தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். மார்ச்சில் கொரோனாவால் சந்தை விழுந்தது. வைத்திருந்தால் 100 கோடி டாலர் அளவுக்கு வந்திருக்கும் என்று அப்போது செய்தி வந்தது. அவர்கள் சொன்ன காரணத்தையும் ஒதுக்கிவிட முடியாது, அவ்வளவு பெரிய நிதிக்குப் பிரீமியமும் பெரிதுதான். எனக்குத் தவறாகப் படுவது, காப்பீட்டைத் தனியாக எடுத்து "போன மூன்று வருடமாக இது என்ன சம்பாதித்தது" என்று பார்க்கும் பழக்கம். சம்பாவுக்கு மூன்று வருடம் காப்பீடு கட்டி ஒன்றும் வரவில்லை என்று நாலாவது வருடம் விட்டவர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன், நவம்பர் பாதியில் கடைசித் தேதி முடிந்து, அந்த மாதக் கடைசியிலேயே கதிர் தண்ணீரில் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, சொந்தப் பணம். 2020இல் விலகிய அதே அலுவலர் தன் உடல்நலத்தையும் குடும்பத்தையும் காரணமாகச் சொன்னார். ஆனால் அவர் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பங்குகளைச் சொந்தமாக வைத்திருந்த காலத்திலேயே, அந்த நிறுவனம் நடத்தும் நிதிகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது பற்றி அந்த நேரத்தில் கேள்வி எழுந்திருந்தது. ஒருவர் நாணயமானவராகவே இருக்கலாம். இருந்தாலும் அவர் பையிலும் அந்தக் கம்பெனியின் பங்கு, நம் பணமும் அந்தக் கம்பெனியிடம் என்றால், முடிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் உறுப்பினர் நம்பமாட்டார். நார்வேயின் மிகப்பெரிய அரசு நிதிக்கு 2020இல் ஒருவரைத் தலைவராக அறிவித்தபோது, அவர் சொந்தமாக நடத்திவந்த முதலீட்டு நிறுவனத்தை வைத்து அந்த நாட்டு நாடாளுமன்றம் வரை விவாதம் போனது. அந்த நிறுவனத்தில் இருந்த பங்கை விட்டு, சொந்தப் பணத்தை வங்கி டெபாசிட்டுக்கு மாற்றச் சம்மதித்த பிறகுதான் பொறுப்பேற்றார். இப்படிக் கேட்டால் நல்ல ஆள் கிடைக்கமாட்டார்கள் என்று போர்டில் ஒருவராவது சொல்வார், அதற்காகப் பின்வாங்கிவிடாதீர்கள்.

தரகர் விஷயம் இதைவிட மோசமாகப் போகக்கூடியது. கால்பெர்ஸின் தலைமைச் செயல் அதிகாரியாக 2008 வரை இருந்தவர், முதலீட்டு நிறுவனங்களை நிதிக்குள் கொண்டுவரும் ஏஜெண்டிடம் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு 2016இல் நாலரை வருடச் சிறைத் தண்டனை பெற்றார். பணம் காகிதப் பையிலும் செருப்புப் பெட்டியிலும் கைமாறியிருக்கிறது. எங்கள் டிரஸ்டுக்கும் புரோக்கர்கள் வருவார்கள், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், ஜனவரியில் டைரி, காலண்டர். நானும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை முதல் நாளே நிறுத்தியிருக்கவேண்டும், ஏனென்றால் காலண்டர் கொடுத்தவரின் நோட்டை வரிவரியாகப் படித்துக் குறுக்குக் கேள்வி கேட்க மனசு வராது.

சரி, ட்ரிபிள் ஏ. தரச்சான்று என்பது ஒரு நிறுவனத்தின் கருத்து, அவ்வளவுதான். கடன் திரட்டும் கம்பெனியேதான் அந்தச் சான்றுக்குக் காசும் கொடுக்கிறது. சாலை மாதிரி உள்கட்டமைப்பு வேலைகளுக்குப் பணம் கொடுத்துவந்த ஐ.எல்.எஃப்.எஸ். 2018 ஜூலையில் ட்ரிபிள் ஏ, செப்டம்பரில் தவணை தவறிய கம்பெனி. நாடு முழுக்கப் பல பி.எஃப். டிரஸ்டுகளின் பணம் அதில் மாட்டியது. உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக் கடன் கம்பெனியின் டெபாசிட்டுக்குப் போய், 2019இல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் திரும்பி வராமல் நின்று, ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். சான்று வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகு கேட்கவேண்டியவை இருக்கின்றன: முக்கால் சதவீதம் எதற்காகக் கூடத் தருகிறார்கள், இந்தக் கம்பெனி வாங்கும் கடன் குறுகிய காலத்துக்கா, கொடுக்கும் கடன் நீண்ட காலத்துக்கா, இந்த ஒரு பெயரில் நம் பணம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

கையில் ரொக்கம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் நீண்ட கால முதலீட்டில் இறங்குவதும் பெரிய தவறு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்துபோனபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தென்னை நல்ல முதலீடு, காய்க்க ஆரம்பித்துவிட்டால் வருடம் முழுக்க வருமானம். ஆனால் புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், அதுவரை குடும்பம் சாப்பிடவேண்டும். இருந்த நிலம் முழுவதையும் தென்னையாக்கியவர்களும், ஒரு மூலையில் நெல்லோ உளுந்தோ, நாலு மாடோ வைத்திருந்தவர்களும் அந்த வருடங்களைக் கடந்த விதம் ஒன்றல்ல. பென்ஷன் நிதிகள் தனியார் கம்பெனிப் பங்கு, சாலை, துறைமுகம் என்று பத்து வருடம் வெளியே எடுக்க முடியாத இடங்களில் பணம் போடுவதும் தென்னை வைப்பதுதான், தவறில்லை. ஒன்றாம் தேதி பென்ஷன் போடவேண்டிய ரொக்கத்தை முதலில் ஒதுக்கிவிட்டுச் செய்யவேண்டும். 2022 செப்டம்பரில் பிரிட்டனில் அரசுப் பத்திர விலை திடீரென்று விழுந்தபோது, அந்தப் பத்திரங்களை வைத்துக் கடன் வாங்கி விளையாடியிருந்த ஓய்வூதிய நிதிகளிடம் கடன் கொடுத்தவர்கள் கூடுதல் ஈடு கேட்டார்கள். கையில் ரொக்கம் இல்லை, அதே பத்திரத்தை விற்றார்கள், விலை இன்னும் விழுந்தது, கடைசியில் 28ஆம் தேதி மத்திய வங்கியே இறங்கிப் பத்திரம் வாங்கவேண்டி வந்தது. பிரிட்டன் அரசுப் பத்திரம் என்பது உலகத்திலேயே பாதுகாப்பானவற்றில் ஒன்று என்று நினைத்த பொருள்.

புதுசாக எது வந்தாலும் ஓடிப்போய் நிற்பதும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதி எஃப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ நிறுவனத்தில் 9.5 கோடி டாலர் போட்டு, 2022இல் முழுவதையும் பூஜ்யமாக எழுதியது. மொத்த நிதியில் அது மிகச் சிறிய துளி. அதற்காக, எங்கள் பணத்தை ஏன் அங்கே போட்டீர்கள் என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அந்தக் கேள்வி சிறியதாகிவிடாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் நெவாடா மாநில ஊழியர் ஓய்வூதிய நிதி. பணத்தில் பெரும்பகுதி சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் நிதிகளில், அதாவது சந்தை போகும் வழியிலேயே போகும் நிதிகளில் இருக்கும், முதலீட்டுத் தலைவர் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை, அதுதான் அவர் கொள்கை. ஒன்றும் செய்யாமல் இருக்கப் போர்டின் முன்னால் துணிச்சல் வேண்டும்.

கணக்குச் சொல்வதில் வரும் தவறைச் சிலர் சின்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பள்ளி ஊழியர் ஓய்வூதிய நிதியில் ஒரு விதி: ஒன்பது வருடச் சராசரி லாபம் 6.36 சதவீதத்துக்குக் கீழே போனால், 2011க்குப் பிறகு சேர்ந்தவர்கள் சம்பளத்திலிருந்து கூடுதலாகக் கட்டவேண்டும். 2020 டிசம்பரில் போர்டு 6.38 என்று சான்று கொடுத்தது, எல்லோருக்கும் நிம்மதி. சில மாதம் கழித்துக் கணக்கில் பிழை என்றார்கள், சரியான எண் 6.34. சதவீதத்தில் நூறில் நாலு பங்கு வித்தியாசம், அதனால் சுமார் ஒரு லட்சம் ஊழியர்களின் பிடித்தம் கூடியது. அவர்கள் எல்லோரும் வேலைக்குப் பிந்தி வந்தவர்கள்தான், அதாவது கடைமடை. விசாரணை வந்தது, 2021 கடைசியிலேயே நிதியின் செயல் இயக்குநரும் முதலீட்டுத் தலைவரும் ஓய்வு பெறுவதாக அறிவித்தார்கள். முதலீடு செய்பவர் ஒருவர், லாபத்தைக் கணக்கிடுபவர் வேறு ஒருவர், அந்த இரண்டாமவர் முதலாமவருக்குக் கீழே வேலை பார்க்கக்கூடாது. பழைய நெல் வியாபாரத்தில்கூட அளப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் விவசாயி மூட்டையைப் பிரிக்கமாட்டார்.

முறைப்பாசனம் வரும் வருடங்களில் எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுவார்கள், தண்ணீர் குறைந்த பிறகு ஷட்டர் பக்கத்தில் நின்று பேசினால் பலசாலிக்குத்தான் கிடைக்கும். பங்கு எவ்வளவு, பத்திரம் எவ்வளவு, எந்த அளவு விழுந்தால் என்ன செய்வோம் என்பதைப் போர்டும் அப்படி நல்ல காலத்திலேயே எழுதி வைக்கவேண்டும். எழுதிய பிறகு தினசரி வாங்குவது விற்பதில் போர்டு தலையிடக்கூடாது, எழுதியதைத் தலைவர் தனியாக மாற்றக்கூடாது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் "நம் ஊர்க் கம்பெனியில் கொஞ்சம் போடுங்கள்" என்று போன் வரும். அந்த எழுத்து இருந்தால் தலைவர் அதைக் காட்டித் தப்பிக்கலாம்.

எங்கள் பத்திரம் விழுந்த பிறகு நாங்கள் செய்தது இரண்டே காரியம். முதலீட்டை அஜெண்டாவின் முதல் அயிட்டமாக, டீக்கு முன்னால் கொண்டுவந்தோம். அப்புறம், ஒவ்வொரு நோட்டின் கீழேயும் கையெழுத்துக்கு முன் ஒரு கட்டம் போட்டோம், யார் என்ன கேள்வி கேட்டார், என்ன பதில் வந்தது என்று எழுத. முதல் கூட்டத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது, இரண்டாவது கூட்டத்திலும் அப்படித்தான். மூன்றாவது கூட்டத்தில் ஸ்டோர்ஸ் பகுதியிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன், இந்தப் பத்திரம் எந்த வருடம் முதிர்கிறது, அந்த வருடம் நம்மில் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்று கேட்டான். யாரிடமும் பதில் இல்லை, நோட்டைத் திருப்பி அனுப்பினோம்.